பெறப்பட்டது

சுவா
பிப்ரவரி 11

மச்சான் எபேலிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். நீயும் உன் பன்றிகளும் உன் வீட்டில் உள்ளவர்களும் வதுதாமுவில் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். பன்றியை முதலில் எழுதினேன் என்று கோபித்துக்கொள்ளாதே. உன் தீவில் மரியாதை அந்த வரிசையில்தான் என்று கேள்வி.

இந்தக் கப்பலில் உன் மருத்துவ நிலையத்துக்கு ஒரு பெட்டி வருகிறது. உள்ளே ஒரு டேப் இருக்கும், சிலேட்டு மாதிரித் தொட்டு இயக்கும் கணினி. இனிமேல் மருந்து கேட்டுத் தாளில் எழுதி, அதைக் கப்பலில் கொடுத்து, அது கொப்பரை மூட்டைக்கு அடியில் நனைந்து போகும் கூத்தெல்லாம் வேண்டாம். மருந்தின் பெயரைத் தொடு, எத்தனை வேண்டும் என்று போடு, 'அனுப்பு' என்பதை அழுத்து. சுவாவில் மருந்துக் கிடங்கில் அந்த நிமிடமே வந்து விழும். பதினோரு தீவுக்கு இதே ஏற்பாடு. நிரல் எழுதியது யார் என்று நர்ஸம்மா கேட்டால் கந்தாவுத் தீவுக்காரன் என்று சத்தமாகச் சொல்லு.

எப்படி வேலை செய்கிறது என்று நீ கேட்காமல் இருக்க மாட்டாய். ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு சின்ன நிரல்துண்டு, ஃபங்ஷன் என்போம். தலைவர் பக்கத்து ஊருக்குத் தூதரை அனுப்புகிறார் இல்லையா, அது மாதிரி. போனவன் திரும்பி வந்து பதில் சொல்லியே ஆக வேண்டும். கொடுத்தார்கள் என்றால் இத்தனை கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். படகு கவிழ்ந்தது என்றால் அதையும் வாசலில் நின்று கத்த வேண்டும். கத்தினால்தான் மேற்கொண்டு என்ன செய்வது என்று நாம் யோசிப்போம். நல்ல பதிலோடு வந்தால் பச்சை எழுத்தில் 'பெறப்பட்டது' என்று காட்டும். கோளாறு என்றால் சிவப்பில் காட்டும். உன் மூளைக்கு இவ்வளவு போதும்.

முக்கியமானதைக் கடைசியில் கேட்கிறேன். உன் வீட்டுக்காரிக்கு மாத ஊசி தவறாமல் போடுகிறார்களா? அந்தத் தொண்டைக் காய்ச்சல் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. காய்ச்சல் இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டது, நாற்பது வயது வரைக்கும் மாதம் ஒரு ஊசி, ஒன்றுகூடத் தவறக்கூடாது என்று டாக்டர் எங்கள் அம்மாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வயதுக்கு வந்த அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளக் கூடாது என்று நமக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் அவள் சங்கதியெல்லாம் உன் வாயால்தான் எனக்கு வர வேண்டும். என்ன தலையெழுத்து பார்.

இந்த நிரலை எழுதியதே பாதி அவளுக்காகத்தான். அதை அவளிடம் சொல்லாதே.

உன் வசவுக்குக் காத்திருக்கும்
கிதியோனே

*

வதுதாமு
மார்ச் 6

கந்தாவு மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பன்றி எட்டும் சுகம். உன் சுகத்துக்கும் ஞாயிறு ஜெபத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன், ஆண்டவருக்கு உன்னை ஞாபகம் இருக்குமோ இல்லையோ.

பெட்டி வந்தது. ஊரே நிலையத்துக்கு வந்துவிட்டது. ஒரு புதுச் சாமான் ஊருக்குள் வந்தால் சும்மா விடுவோமா, யங்கோனா வேரை இடித்துக் கரைத்து, குடிக்க அதற்கும் ஒரு சிரட்டை வைத்தோம். கந்தாவுக்காரன் செய்தது என்று நீ சொன்னபடி சத்தமாகவே சொன்னேன். நர்ஸம்மா, "அப்ப பாதி வழியில படுத்துக்குமே" என்றாள். நான் உன் பக்கம் பேசவில்லை.

டேப்பை இயக்கும் வேலை எனக்குத்தான் வந்தது. நர்ஸம்மாவுக்குக் கண்ணாடி உடைந்து போயிருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல நான் தொட்டேன். மாத ஊசி மருந்து மூன்று குப்பி, காய்ச்சல் மாத்திரை, கட்டுத்துணி. 'அனுப்பு' என்று அழுத்தினேன். பச்சையில் 'பெறப்பட்டது' என்று வந்தது. கூட்டம் மொத்தமும் கை தட்டியது.

நீ கேட்டதற்குப் பதில். ஃபிரிட்ஜில் இருந்த கடைசிக் குப்பியை இந்த மாதம் போட்டாயிற்று. நானே கூட நின்றேன். எப்போதும் போல நர்ஸம்மாவை முறைத்துக்கொண்டு போட்டுக்கொண்டாள். டேப் உன் கைவேலை என்று சொன்னேன். பாவாடை ஓரத்தால் அதன் கண்ணாடியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். பாதி அவளுக்காக என்று நீ எழுதியதையும் சொல்லிவிட்டேன். என்னிடம் ரகசியம் சொன்னது உன் தப்பு.

அடுத்த கப்பலில் உனக்குக் காய்ந்த மீன் வரும். எண்ணிப் பார்த்து வாங்கு, மாலுமிகள் தின்றுவிடுகிறார்கள்.

எபேலி

*

சுவா
மார்ச் 20

மச்சான்,

மீன் பதினொன்று வந்தது. நீ பன்னிரண்டு வைத்திருப்பாய், தெரியும். வீட்டில் எல்லாரும் சுகம் என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் சாப்பிட்டேன்.

எனக்கு மானம் போய்விட்டது. கேள். போன வெள்ளிக்கிழமை இந்த மருந்து நிரலுக்குத் திறப்பு விழா. பெரிய தலைவர் பாயில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் முதலாளி சாமிசோனி முட்டி போட்டு நகர்ந்து போய் இரண்டு கையாலும் டேப்பைக் கொடுத்தார். தலைவர் விரலை வைத்து அழுத்தினார். மண்டபத்துக்குள் சிக்னல் இல்லை. நிரல் என்ன செய்யும், எழுதி வைத்ததைச் செய்தது. சிவப்பில், கொட்டை எழுத்தில், 'பிழை. மறுபடி முயலுங்கள்' என்று காட்டியது. அந்தத் தலைவரிடம் பிழை என்று இதுவரை ஒருத்தர் சொன்னதில்லை. நான் வேட்டியில் தீப்பிடித்தவன் மாதிரி நின்றேன்.

அன்றைக்கே திமிங்கிலப் பல்லும் யங்கோனா வேர்க்கட்டும் எடுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டோம். தலைவர் பெரிய மனுஷர், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். சாமிசோனி சிரிக்கவில்லை.

"கிதி, அந்தச் சிவப்பு இனிமே யாரு கண்ணுலயும் படக்கூடாது."

"பிழை வந்தா என்ன பண்றது?"

"வந்தா நமக்குள்ள பாத்துக்கலாம். அவங்ககிட்ட போய் எதுக்குக் கத்துது? வளர்ப்பு சரியில்லாத நிரலா இருக்கே."

எனக்கும் வெட்கம் தின்றுகொண்டிருந்தது. மூன்று வரி மாற்றினேன். இனிமேல் எந்த டேப்பிலும் சிவப்பு வராது, உன்னுடையதிலும்தான், தானாகவே இறங்கியிருக்கும். இது தற்காலிகம். தலைவர் இன்னொரு தடவை பார்க்க வருகிறாராம், வந்து போனதும் பழையபடி ஆக்கிவிட வேண்டும்.

குப்பி மூன்றும் இந்தக் கப்பலில் வருகின்றன. பெட்டியை நானே துறைமுகம் வரைக்கும் கொண்டு போய்ப் பார்த்தேன்.

மானம் கெட்ட
கிதியோனே

*

வதுதாமு
ஏப்ரல் 17

மச்சானுக்கு,

நாங்கள் உயிரோடு சுகமாக இருக்கிறோம். அதை முதலில் எழுதச் சொன்னாள்.

புயல் உங்கள் பக்கம் அவ்வளவாக இல்லை என்று ரேடியோவில் கேட்டேன். இங்கே அடுப்படிக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தேவாலயத்துக்கு இரண்டு ஜன்னல் போச்சு. போன் டவர் விழுந்து கடலில் கால் நீட்டிக்கொண்டு கிடக்கிறது, எப்போது நிமிர்த்துவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. செத்தவர்கள் யாரும் இல்லை. பன்றி ஐந்து.

டேப்புக்காக நிலையத்துக் கூரை மேல் வைத்திருந்த டிஷ் சாய்ந்துவிட்டது. நானும் நாலு பேரும் கயிறு கட்டி இழுத்து, ஏதோ வானத்தைப் பார்க்கிற மாதிரி வைத்தோம். ஏப்ரல் ஊசியும் போட்டாயிற்று, நீ அனுப்பின மூன்றில் இரண்டு மீதி. ஃபிரிட்ஜ் நாலு நாள் ஓடவில்லை, அதில் ஒன்றை நர்ஸம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொட்டிவிட்டாள். அதனால் உடனே ஆறு குப்பி கேட்டு அனுப்பினேன். கயிறு கட்டின டிஷ் வழியாகப் போகுமா என்று எனக்குச் சந்தேகம்தான். அழுத்திவிட்டுப் பாய் மேல் உட்கார்ந்து ஒரு நிமிடம் பார்த்தேன். பச்சை. 'பெறப்பட்டது'. மச்சான், கந்தாவுக்காரனைப் பற்றி நான் இதுவரை சொன்ன எதையும் திரும்ப வாங்க மாட்டேன், ஆனால் அந்த நிமிடம் உன்னை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி சிவப்பே வராதபடி செய்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். புயலிலும் வரவில்லை. கெட்டிக்காரன்தான்.

எபேலி

*

வதுதாமு
ஜூன் 14

கிதியோனேக்கு,

இரண்டு கப்பல் வந்து போயின, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கல்யாணம் கில்யாணம் பண்ணிக்கொண்டாயா? இங்கே சுகம்.

மே ஊசி போட்டோம், ஃபிரிட்ஜ் காலி. போன கப்பலில் மருந்துப் பெட்டி வரவில்லை. புயலுக்குப் பிறகு எல்லாத் தீவும் கேட்டிருக்கும், அடுத்ததில் வரும் என்றாள் நர்ஸம்மா. நேற்றுக் கப்பலிலும் இல்லை. மாவு வந்தது, ஆணி வந்தது, போதகருக்கு நாற்காலி வந்தது.

நிலையத்து ரேடியோவில் கிடங்கைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்றேன். நர்ஸம்மா விடவில்லை.

"என்ன சொல்லுது உன் டேப்பு?"

"பெறப்பட்டதுன்னு."

"அவங்க கைக்குப் போய்ச் சேந்துடுச்சு. வாங்கிக்கிட்டோம்னு வாயால சொன்னப்புறம் மறுபடியும் கேட்டா, உன் வார்த்தையை நான் நம்பலைன்னு அர்த்தம். அதையும் ரேடியோவுல, அத்தனை தீவும் காது வச்சுக் கேக்கறப்ப. நல்லாவா இருக்கும்?"

அதுவும் நியாயம்தான். ஒருத்தரிடம் ஒரு பொருளை ஒரு தடவைதான் கேட்கலாம். அதனால் ரேடியோவில் பேசவில்லை, ஆனால் டேப்பில் இன்னொரு தடவை ஆறு குப்பி என்று அழுத்தினேன். அது பார்ப்பவர் கண்ணுக்கு அவ்வளவு குத்தாது என்று நினைத்தேன். உடனே பச்சை வந்தது.

வேறு விசேஷம் இல்லை. போதகர் புது நாற்காலியில் உட்கார்ந்து பழைய பிரசங்கம் செய்கிறார். உன் தங்கச்சி பாட்டுக் குழுவுக்குக் கொஞ்ச நாளாகப் போகவில்லை, மீன் பிடிக்கப் பெண்கள் போகும்போதும் வீட்டில் இருக்கிறாள். ஒரு பாய் முடைகிறாள், அதை முடிக்க வேண்டுமாம்.

எபேலி

*

சுவா
ஜூலை 2

மச்சான்,

நான் சுகம். எழுதாதது என் தப்பு. பள்ளிக்கூடக் கணக்குக்கு ஒரு நிரல் பிடித்தார்கள், தலை நிமிர நேரமில்லை.

மருந்து தாமதம் என்றால் கிடங்கில்தான் ஏதோ. என் பக்கம் சரியாக இருக்கிறது, பச்சை வந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். அவர்களைப் போய் ஒரு சத்தம் போட்டுவிட்டு வருகிறேன்.

அவள் ஏன் பாடப் போகவில்லை? சின்னதில் காய்ச்சலோடு கூடப் போனவள். ஜூன் ஊசி போட்டாயா இல்லையா? சுற்றி வளைக்காமல் ஒரு வரியில் எழுது.

கிதியோனே

*

வதுதாமு
ஜூலை 25

மச்சானுக்கு,

எல்லாரும் சுகம்.

மீதி இருந்த மூன்று பன்றியில் பெரியது போன வாரம் குட்டி போட்டது, ஏழு. அதில் ஒன்றுக்கு ஒரு காது கறுப்பு. அதற்கு உன் பெயர் வைத்திருக்கிறேன். கிதியோனே என்று கூப்பிட்டால் மற்ற ஆறும் ஓடி வருகின்றன, அது மட்டும் வராது. உன் குணம் அப்படியே இருக்கிறது. அடுப்படிக்குக் கூரை போட்டாயிற்று. கிழங்கு இந்த வருடம் சின்னதுதான், உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது, ஆனாலும் தேங்காய்ப்பால் விட்டால் எதுவும் இறங்கும். மாமன் ஒருத்தர் வலையைக் கிழித்துக்கொண்டு வந்து என்னைத் திட்டினார். நான் என்ன செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

ஊசி விஷயமெல்லாம் நர்ஸம்மா பார்த்துக்கொள்கிறாள்.

இந்த மாதமும் அனுப்பினேன். பச்சைதான் வந்தது.

பாய் முடிந்துவிட்டது. உனக்குத்தானாம். நான் சொன்னதாகச் சொல்லாதே. பார்த்தால் கெட்டியான வேலை, ஓரத்தில் சிவப்பு நூல் வைத்திருக்கிறாள். கடைசி ஒரு முழம் மட்டும் பக்கத்து வீட்டுப் பெண் முடைந்தது.

எபேலி

*

சுவா
ஆகஸ்ட் 9

எபேலிக்கு,

நான் சுகம் என்று எழுத வரவில்லை.

உன் கடிதத்தில் அந்த ஒரு முழம் வரும் வரியை நாலு தடவை படித்தேன். ஆரம்பித்த பாயை அவள் வேறு கையில் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. போகிறேன் என்று போன மாதமே எழுதிவிட்டு, நேற்றுக் காலைதான் கிடங்குக்குப் போனேன். சத்தம் போடத்தான் போனேன். அங்கே இருந்த பெண் ஏட்டைத் திருப்பிக் காட்டினாள். வதுதாமுவிலிருந்து மார்ச்சில் ஒன்று வந்திருக்கிறது. ஏப்ரலில் இல்லை, மேயில் இல்லை, ஜூனில் இல்லை, ஜூலையில் இல்லை. "உங்க தீவுல யாருக்கும் சீக்கு வர்றதில்லன்னு நெனச்சோம்" என்றாள்.

எபேலி, அந்த மூன்று வரி. அன்றைக்கு நான் எழுதி வைத்தது இதுதான்: அனுப்பிப் பார். முடியாவிட்டால் சும்மா இரு. எப்படியானாலும் 'பெறப்பட்டது' என்று பதில் சொல்லு. தலைவர் போன பிறகு மாற்ற வேண்டும் என்று சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன். சீட்டு விழுந்துவிட்டதோ, நான் பார்க்கவில்லையோ, தெரியாது. நீ கயிறு கட்டி நிறுத்தின டிஷ் வழியாக எதுவும் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் படகு கவிழ்ந்திருக்கிறது. கவிழ்ந்த செய்தியோடு வந்தவன் வாயை நான் பொத்தி, நல்ல செய்தி சொல்ல வைத்திருக்கிறேன். நீ அதை நம்பினாய். நான் எழுதியது என்பதால் நம்பினாய்.

இன்றைக்குச் சிவப்பை மறுபடி வைத்துவிட்டேன். என் திரையில் பதினோரு தீவில் நாலு தீவு சிவப்பாகிவிட்டது. சாமிசோனி என்னோடு பேசுவதில்லை.

ரேடியோவில் கூப்பிட்டேன். நர்ஸம்மா வந்தாள். அத்தனை தீவும் கேட்டுக்கொண்டிருந்தது, எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன், எபேலி வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று. கொஞ்ச நேரம் இரைச்சல்தான். பிறகு "எல்லாரும் சுகம்" என்றாள். அந்த இரைச்சல் எவ்வளவு நேரம் இருந்தது என்று உனக்குச் சொல்ல முடியாது.

பத்துக் குப்பி, ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன். 12ஆம் தேதி கப்பல்.

ஆகஸ்ட் 12. இன்ஜினில் கோளாறு, வியாழக்கிழமை கிளம்பும் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 15. கிளம்பவில்லை. ஐஸ் மாற்றினேன். ஹெலிகாப்டர் கேட்டுப் பார்த்தேன். நோயாளி யார், என்ன நிலைமை என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் சுகம் என்றுதான் என்னிடம் எழுத்தில் இருக்கிறது.

ஆகஸ்ட் 18. துறைமுகத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஐஸ் மாற்றினேன்.

கிதியோனே

*

வதுதாமு
ஆகஸ்ட் 13

மச்சான் கிதியோனேக்கு,

ஒரு வெள்ளைக்காரரின் பாய்மரப் படகு இன்று சுவாவுக்குப் போகிறது. அவசரமாக எழுதுகிறேன். அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

ஜூனில் ஊசி இல்லை. ஜூலையில் இல்லை. ஜூன் கடைசியில் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்தது, போய்விட்டது. அதற்குப் பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இப்போது கால் இரண்டும் வீங்கி, விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறாள். கிணற்றடி வரைக்கும் நடக்க மூன்று தடவை உட்கார்கிறாள்.

நீ நேராகக் கேட்டாய், நான் பன்றிக் குட்டியைப் பற்றி எழுதினேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு பாதி நாள் உட்கார்ந்திருந்தேன் மச்சான். எழுதினால் என் சோற்றைத் தின்ன மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஏற்கெனவே ஒன்றும் தின்பதில்லை.

தினமும் அந்த டேப்பைக் கொண்டு வந்து பச்சையை அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். "இதோ பாரு, வாங்கிக்கிட்டாங்க. அடுத்த கப்பல்ல வந்துடும். ஒன் அண்ணன் வேலை தப்பாது" என்றேன். அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? அதை நம்பித்தான் நானும் தூங்கினேன்.

இந்தச் சின்னப் படகின் ஆட்டத்தை அவள் தாங்க மாட்டாள், எந்தக் கப்பல் முதலில் வருகிறதோ அதில் அவளை ஏற்றிக்கொண்டு வருகிறேன். துறைமுகத்துக்கு வண்டி கொண்டு வா.

எபேலி

*

சுவா, ஆஸ்பத்திரி
ஆகஸ்ட் 30

தங்கச்சி லோசலினிக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

நான் வெளியே வராந்தாவில் பெஞ்சில் இருக்கிறேன். நேற்று உன்னைத் துறைமுகத்தில் இறக்கும்போது நான் திரும்பி நின்றுகொண்டேன், அது வழக்கத்துக்காக மட்டும் இல்லை. எபேலி கஞ்சி வாங்கப் போயிருக்கிறான். இதை நர்ஸ் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எல்லாம் என்னால் வந்தது. எபேலி சொல்லியிருப்பான். ஒரு பெரிய மனுஷர் முன்னால் என் முகம் கறுக்கக்கூடாது என்று மூன்று வரி எழுதினேன். கிடங்கிலிருந்து வதுதாமுவுக்குப் போக வேண்டிய குப்பி என் கைப்பிடிக்குள் அடங்குகிற குப்பி. அதைக்கூட என்னால் உனக்குக் கொண்டு சேர்க்க முடியவில்லை. இங்கிருந்து கப்பல் கிளம்புவதற்குள் நீங்கள் வேறு கப்பலில் வந்துவிட்டீர்கள், ஐஸ் பெட்டி இன்னும் என் காலடியில்தான் இருக்கிறது. டாக்டரிடம் காட்டினேன், இங்கேயே நிறைய இருக்கிறது என்றார்.

நீ என்னைத் திட்ட வேண்டும். திட்டி எழுது.

உன் அண்ணன்
கிதியோனே

*

அதே தாளின் பின்பக்கம்

அண்ணனுக்கு,

மூச்சு வாங்குகிறது, அதனால் விட்டு விட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சுகம் என்று எழுதச் சொன்னது நான்தான். ஜூனிலேயே எனக்குத் தெரியும், அந்தப் பச்சையில் ஏதோ கோளாறு என்று. அவர் ஆறு குப்பி அழுத்தினால் ஒரு நொடியில் வாங்கிக்கொண்டேன் என்கிறது, அறுபது என்று விளையாட்டுக்கு அழுத்தினேன், அதையும் வாங்கிக்கொண்டேன் என்றது. யோசிக்காமல் சரி என்கிற ஆளை நம்பக்கூடாது. ஆனால் ரேடியோவில் கேட்டால் பதினோரு தீவுக்கும் தெரிந்து போகும், கிதியோனே செய்தது பொய் சொல்கிறது என்று. அதை என் வாயால் வர விடுவேனா? ஒரு கப்பல் பொறுப்போம், இன்னொரு கப்பல் பொறுப்போம் என்று இருந்துவிட்டேன். பன்னிரண்டு வயதில் கதவுக்குப் பின்னால் நின்று அழுதவன் நீ. எனக்கு அது தெரியும்.

இங்கே யாரும் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. நர்ஸ் பெண் சிரிக்கிறாள். எபேலி கஞ்சியை ஊதி ஊதிக் கொடுக்கிறார். டாக்டர் வந்தால், நன்றாகிவிடும் அம்மா, மார்ச்சில் வெளிநாட்டு டாக்டர்கள் வருகிறார்கள், வால்வு மாற்றுவார்கள், பெயர் எழுதியாயிற்று என்கிறார். மார்ச்சுக்கு ஏழு மாதம் இருக்கிறது. அது வரைக்கும் தாங்குமா என்று கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பார்க்கலாம் என்றார்.

காலையில் டாக்டர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கண்ணாடியில் உன் முதுகு தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அவர் என்ன சொன்னார்? எனக்கு எழுது. உள்ளதை உள்ளபடி எழுது, எனக்கு அழகான பதில் வேண்டாம். சொல்ல வேண்டிய வேலை எனக்கும் இருக்கிறது. எபேலிக்குச் சமைக்கத் தெரியாது. அம்மாவுக்கு யார் போய்ச் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டும்.

லோசலினி

*

வராந்தா
ஆகஸ்ட் 30, மாலை

லோசலினி,

இது நாலாவது தாள். முதல் மூன்றிலும் நன்றாகிவிடும் என்று எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

டாக்டர் சொன்னது இது. இதயத்தில் இரண்டு வால்வுகள் போய்விட்டன. மருந்து கொடுத்து நீரை இறக்குகிறார்கள், அது மூச்சுக்குத்தான், இதயத்துக்கு இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டேன், விமானப் பயணத்தைத் தாங்காது என்றார். மார்ச் வரைக்கும் இருக்குமா என்று கேட்டேன். இருக்காது என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். மூன்று வாரம், நாலு வாரம் என்றார். ஜூனில் கொண்டு வந்திருந்தால் என்று ஆரம்பித்தார், நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். அதையும் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. நான் எதையும் விடவில்லை.

எபேலிக்கு இன்னும் தெரியாது. வாசலில் கஞ்சிப் பாத்திரத்தோடு நிற்கிறான், உன்னிடம் கொடுத்துவிட்டு வந்ததும் சொல்கிறேன். அம்மாவிடம் நானே போகிறேன்.

நர்ஸ் பெண்ணிடம் இதைக் கொடுத்துவிட்டு அவள் பின்னாலேயே உள்ளே வருகிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறேன். பார்க்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். நீ முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

கிதியோனே